அன்பில் பிறந்த அழகு: ‘கோய்வ்’ என்னும் பழைய ஐரிஷ் சொல்



அழகைக் குறிக்கப் பல சொற்களைக் கொண்டிருந்த பழைய ஐரிஷ் மொழியில், ‘கோய்வ்’ என்னும் சொல்லின் வரலாறு தனித்து ஆராயத்தக்கது. பழைய ஐரிஷ் என்பது ஏறத்தாழ கி.பி. 600 முதல் 900 வரை அயர்லாந்தில் வழங்கிய மொழிநிலை. இலத்தீன் சமயநூல்களின் வரிகளுக்கிடையிலும் ஏட்டின் ஓரங்களிலும் துறவிகள் தம் தாய்மொழியில் எழுதிவைத்த உரைக்குறிப்புகளே அந்நிலையை அறிவதற்குரிய தலையாய சான்றுகளாகும். எழுத்தில் மகரமெய்யில் முடிந்த இச்சொல், பேச்சில் மூக்கொலி கலந்த வகரமாக முடிந்தது. அன்புக்குரிய, அருமையான, மேன்மை வாய்ந்த, அழகிய எனப் பல பொருள்கள் அதற்கு உண்டு; இவற்றுள் எது முந்தியது, எது பிந்தியது என்பதே ஈண்டு எழும் வினா.

இதற்கு விடை தேட அயர்லாந்தை விட்டு வெளியே செல்ல வேண்டியிருக்கிறது. ஐரிஷுக்கு உறவான வெல்ஷ் மொழியில் இதே சொல் ‘கீ’ என்று வழங்குகிறது. ஆயின் அங்கே அதன் பொருள் ‘அன்புக்குரிய’ என்பதே. யூலியஸ் போகோர்னி 1959-இல் வெளியிட்ட இந்தோ-ஐரோப்பிய வேர்ச்சொல் அகராதி, இவ்விரு சொற்களையும் ‘கிடத்தல், தங்குதல்’ என்னும் பொருளுடைய வேரின்கீழ் வைத்து, இல்லத்தைக் குறிக்கும் ஜெர்மன் ‘ஹைம்’, குடிமகனைக் குறிக்கும் இலத்தீன் ‘கீவிஸ்’, நன்மையும் மங்கலமும் உடையதைக் குறிக்கும் வடமொழிச் ‘சிவ’ ஆகியவற்றையும் அதனோடு சேர்த்துக் காட்டுகிறது. தமிழ் அவையில் இந்தக் கடைசிச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. ஆக, ஓரிடத்தில் கூடித் தங்குவோர் வீட்டாராகி, வீட்டார் அன்புக்குரியோராகி, அன்புக்குரியோர் அழகியோராகத் தோன்றினர் என்று இப்பொருள் வளர்ச்சியை விளங்கிக்கொள்வது பொருந்தும். முதலில் வந்தது அன்பு, அழகு அதன்பின் வந்தது.

அச்சொல் அழகின் உச்சத்தில் நின்ற இடம், ‘தா தெர்கா விடுதியின் அழிவு’ என்னும் பழங்கதையின் தொடக்கமாகும். பிரீ லே என்னும் இடத்தில் ஒரு சுனைக்கரையில் எதாய்ன் என்னும் பெண் பொன் வேலைப்பாடமைந்த வெள்ளிச் சீப்பைக் கையில் வைத்திருக்கிறாள். அவள் முகங்கழுவும் வெள்ளிக் கிண்ணத்தில் நான்கு பொற்பறவைகள் பதிக்கப்பட்டுள்ளன. பொன்னிறக் கூந்தல் இரண்டு சடைகளாகப் பிரிந்திருக்கிறது. மயிர்முனை முதல் பாதம் வரை விடாமல் வருணித்துச் செல்லும் அக்கதை, பிற பெண்டிரின் வடிவையும் அழகையும் அளப்பதற்கு அவளே அளவுகோல் ஆனாள் என்று முடிவு கூறுமிடத்தில் ‘கோய்வ்’ என்னும் சொல்லையே கையாளுகிறது.

பின்வந்த புலவர்கள் இச்சொல்லை அளவிறந்து பயன்படுத்தினர். பிற சொற்களின் முன்னொட்டாக எளிதில் இணைவதாலும், மோனைக்கு வாய்ப்பாக அமைவதாலும், தமிழ் யாப்பில் பொருளின்றி வரும் இசைநிறை போல அது அடிகளை நிரப்பும் சொல்லாகத் தேய்ந்தது. எல்லா மன்னரும் எல்லா மகளிரும் எல்லா மலைச்சரிவும் ‘கோய்வ்’ ஆகிவிட்டால் அச்சொல் எவரையும் சிறப்பிப்பதில்லை. கண்ணுக்கினிய அழகைச் சொல்லும் பொறுப்பு ‘ஆலின்’ என்னும் வேறொரு பழஞ்சொல்லுக்குப் போய்ச் சேர்ந்தது; இன்றைய ஐரிஷில் அழகிய என்பதற்கு இயல்பாக வரும் சொல் அதுவே. ‘கீவ்’ என்றும் ‘க்வீவ்’ என்றும் வட்டாரத்திற்கேற்ப ஒலிக்கும் பழைய சொல்லோ, மென்மையான, கனிவான என்னும் பொருளில் பெரும்பாலும் ஏட்டு வழக்கில் நிற்கிறது.

இம்மாற்றத்தை ஒரே மனிதரின் பெயரில் காண இயலும். விக்லோ மலைகளில், இரு ஏரிகளின் பள்ளத்தாக்கு எனப் பொருள்படும் கிளெண்டலாக்கில் மடம் நிறுவிய புனித கெவின், மரபுக் கணக்குப்படி 618-இல் மறைந்தவர். ‘கோய்வ்’ என்பதோடு பிறப்பைக் குறிக்கும் சொல் சேர்ந்து அமைந்த அவர் பெயருக்கு, அவரது இலத்தீன் வரலாறு ‘அழகுறப் பிறந்தவர்’ என்றே பொருள் எழுதியது. ஆயினும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு ஜெரால்டு எழுதிய அயர்லாந்து நூல் அவரைப் பற்றிச் சொல்லும் கதையில் முக அழகுக்கு இடமே இல்லை. தவக்காலத்தில் சாளரத்தின் வழியே கைநீட்டி அவர் வேண்டிக்கொண்டிருக்க, கரும்பறவை ஒன்று அந்த உள்ளங்கையில் முட்டையிட, குஞ்சுகள் பொரிந்து வெளிவரும்வரை அவர் கையை மடக்காமல் காத்திருந்தார் என்பதே அக்கதை. (தம்மை நாடி வந்த பெண்ணை அதே துறவி ஏரியில் தள்ளியதாகத் தாமஸ் மூர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாட்டெழுதினார், புனிதரின் மென்மைக்கும் ஓர் எல்லை உண்டு போலும்.) அழகன் என்று பெயர் பெற்றவரை மக்கள் கனிவுடையவராக நினைவில் வைத்தது, அவர் பெயரின் முற்பகுதி தானே சென்று சேர்ந்த பொருளோடு ஒத்திருக்கிறது.

இயற்பெயர்கள் இச்சொல்லை அழியாமல் காத்தன. ‘கீவா’ என்றும் ‘க்வீவா’ என்றும் அயர்லாந்தில் பெண்மக்களுக்கு விரும்பி இடப்படும் பெயர் இதிலிருந்து வந்தது. ஓ’கீஃப் என்னும் குடிப்பெயர், ‘கோய்வ்’ என்று பெயர் கொண்ட ஒருவரின் வழியினர் என்று பொருள்படும். பூக்களைப் பேருருவாகத் தீட்டிய அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப் (1887–1986) இப்பெயரைத் தம் ஐரிஷ் முன்னோரிடமிருந்து பெற்றவர்.

பழைய ஐரிஷ் இலக்கியத்தைத் தமிழாக்க முனைவோர்க்கு அவையின் சார்பில் ஒரு வேண்டுகோள் உண்டு. இச்சொல் வருமிடமெல்லாம் ‘அழகிய’ என்று எழுதிக் கடந்துவிடாமல், பேசுபவர் யார், யாரைக் குறித்துப் பேசுகிறார் என்று பார்த்து, தாய் மகனைச் சுட்டுமிடத்தில் ‘அருமை’ என்றும், துறவியைச் சுட்டுமிடத்தில் ‘கனிவு’ என்றும், சுனைக்கரை எதாய்னுக்கு மட்டும் தயங்காமல் ‘அழகு’ என்றும் எழுதுக.