கார்னகி மண்டபத்தில் சிற்றூர்ப் பாட்டு

1962-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் நியூயார்க் நகரத்துக் கார்னகி மண்டபத்தில் லெஸ்டர் பிளாட், எர்ல் ஸ்கரக்ஸ் என்னும் இருவர் தம் குழுவினருடன் பாடிய கச்சேரி, அங்கேயே பதிவு செய்யப்பெற்று, மறு ஆண்டில் இசைத்தட்டாக வெளிவந்தது. அதனை நான் பலமுறை கேட்டிருக்கின்றேன். அவர்தம் இசைக்குப் புளூகிராஸ் என்று பெயர். அமெரிக்கத் தென்பகுதிச் சிற்றூர்களில் வளர்ந்தது. பட்டிக்காட்டுப் பாட்டென்று நகரத்தார் பலர் எள்ளியதுண்டு.

ஸ்கரக்ஸ் வாசிப்பது பாஞ்சோ. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொணரப்பட்டோரின் மரபில் பிறந்த, தோல் போர்த்த நரம்புக் கருவி அது. வலக்கை விரல் மூன்றினால் அவர் மீட்டுங்கால் சுரங்கள் இடையறாது பொழிகின்றன. ஆயினும், கிறித்தவப் பக்திப் பாடலென்றால் பாஞ்சோவை வைத்துவிட்டுக் கிதாரை எடுத்துக்கொள்வது அவர் வழக்கமாயிருந்தது. அங்கே நான்கு குரல்கள் இணைந்து முன்னிற்கும். கருவி பின்னே ஒதுங்கும். விரைவையே வித்தையென்று கருதும் இளைஞர்கள் இவ்வடக்கத்தைச் செவிகொடுத்துக் கேட்டல் நன்று.

மற்றொன்றும் உண்டு. அக்குழுவின் வானொலி நிகழ்ச்சியை நடத்துவித்தது மார்த்தா ஒயிட் என்னும் மாவு நிறுவனம். அதன் விளம்பரப் பாட்டையே பாடுமாறு அவையோர் கூவினர். உலகப் பெருங்கலைஞர்கள் ஏறிய அம்மேடையில், சிறிதும் கூசாமல், கோதுமை மாவின் புகழை அவர்கள் பாடினார்கள்!