பால்மாவு டின்னில் ஐம்பது சீட்டுகள்

மலேசியாவில் சுங்கை காடுட் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, “ரப்பர் தோட்டத்து வேலையில் இருப்பவருக்கு வருமானம் அதிகமா, செனவாங் தொழிற்சாலைக்குப் போகிறவருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். தேநீர் ஆறுவதற்குள் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். அத்தனை பேரும் தங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டை வைத்துத்தான் பேசுவார்கள்.

நான் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவன். இதே கேள்வியோடு ஒருமுறை மாணவர்களை அழைத்துக்கொண்டு தோட்டத்து வீடுகளுக்குப் போனேன். பால்மரம் வெட்டும் அம்மா ஒருவரிடம், “மாச வருமானம் எவ்வளவுங்கம்மா?” என்றேன். அவர் திருப்பிக் கேட்டார்: “எந்த மாசம் சார்? மழை மாசமா, இலை கொட்டுற மாசமா, பால் நல்லா இறங்குற மாசமா?”

என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை. பிப்ரவரி, மார்ச் வாக்கில் மரம் இலை உதிர்க்கும்போது பால் குறைந்துவிடும். அந்த அம்மாவின் வருமானம் ஓர் எண்ணில் அடங்காது. அது ஏறி இறங்கும். வீட்டுக்கு வீடும் மாறும். இந்தச் சிதறலைப் பார்க்காமல் இரண்டு சராசரிகளைப் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அன்று மாலை மாணவர்களிடம் ஒரு பால்மாவு டின்னைக் கொடுத்தேன். ஐம்பது சீட்டுகளில் ஐம்பது வருமானங்களை நானே எழுதியிருந்தேன். யார் வீட்டுக் கணக்கும் அல்ல, பயிற்சிக்காக எழுதியவை. தோட்டத்து வீடுகள் 25, சராசரி 2,400 வெள்ளி. தொழிற்சாலை வீடுகள் 25, சராசரி 2,700. வித்தியாசம் 300.

இப்போது, வானொலிக்கு அருகில் இருக்கும் பிள்ளைகள் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு கூட்டத்துக்கும் உண்மையில் வித்தியாசமே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். இதைத்தான் இன்மைக் கருதுகோள் என்கிறோம். அப்படியானால் எந்தச் சீட்டு எந்தக் கூட்டம் என்பதே பொருட்டில்லை. எல்லாவற்றையும் டின்னில் போட்டுக் குலுக்கி, 25 சீட்டுகளை எடுத்துச் சராசரி பாருங்கள். டின்னில் மிஞ்சிய 25-க்கும் பாருங்கள். வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி குலுக்குங்கள். வெறும் குலுக்கலிலேயே 300 வெள்ளியோ அதற்கு மேலோ அடிக்கடி வந்தால், நாம் கண்ட 300-க்கு என்ன மதிப்பு?

எல்லாம் சிதறலைப் பொறுத்தது. வருமானங்கள் சராசரியிலிருந்து 500 வெள்ளி அளவில் விலகியிருந்தால், நூறு குலுக்கலில் நாலைந்து முறைதான் அவ்வளவு பெரிய வித்தியாசம் வரும். அப்போது இன்மைக் கருதுகோளைக் கைவிடலாம். விலகல் 1,000 வெள்ளி என்றால் முப்பது முறை போல வந்துவிடும். சராசரிகள் அதேதான், 300-ம் அதேதான், ஆனால் முடிவு வேறு! மாணவர்கள் இருட்டும் வரை டின்னை விடவில்லை.

இந்தக் குலுக்கலுக்குப் பதிலாக ஒரு சூத்திரம் இருக்கிறது, டி-சோதனை. டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. கையில் கொஞ்சம் மாதிரிகளே இருந்தால் எவ்வளவு நம்பலாம் என்பதுதான் அவருடைய கவலை. சில வீடுகள் மட்டும் ஏறி இறங்கிய எங்களுக்கும் அதே கவலைதான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 25 வீட்டில் ஒன்று குத்தகைக்காரர் வீடு என்றால் சராசரி மேலே போய்விடும். 2022-ல் மலேசியக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 8,479 வெள்ளி. நடுவில் நிற்கும் குடும்பத்துக்கோ 6,338 தான். அதனால் சராசரியோடு, நடுவில் நிற்கும் அந்த எண்ணை, அதாவது இடைநிலையையும் கேட்டு வாங்குங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. எத்தனை வீடு, எவ்வளவு சிதறல், எந்த மாதம் என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு மறுபடி போகத் திட்டமிட்டிருக்கிறோம். அதே வீடுகளுக்கு, இலை உதிரும்போது ஒருமுறை, பால் இறங்கும்போது ஒருமுறை. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இந்தத் தடவை தாளில் தனித்தனிக் கட்டங்கள் வைத்திருக்கிறேன். அவரிடமே அதைக் காட்ட முடியும் என்று நம்புகிறேன்.