தாயின் பரிசோதனை, பிள்ளையின் வாழ்வு

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில், சுகாதாரத் துறையிற் பணியாற்றிய பழைய மாணவியர் மூவரின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நாங்கள் மூவரும் இந்தக் கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒருவர் குழந்தை மருத்துவர். ஒருவர் மகப்பேற்று விடுதித் தாதி. மற்றவர் சைக்கிளில் வீடு வீடாகச் சென்ற குடும்பநல உத்தியோகத்தர். பேசுவதற்கு எயிட்ஸ் என்ற விடயத்தை எடுக்கிறோம் என்று சொன்னபோது, சங்கச் செயலாளர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, சொல்லத்தானே வேணும்" என்றார். அவருக்கு எங்கள் நன்றி.

எங்கள் காலத்தில் சுகாதாரப் பாடத்தில் இனப்பெருக்கம் பற்றிய அத்தியாயம் வந்தால், "வீட்டிலே வாசித்துக்கொண்டு வாருங்கோ" என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டில் அந்தப் பக்கத்தை யார் முன் திறப்பது? ஆசிரியைகளை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஆனால் அன்று விட்ட பாடத்தை இன்றாவது படிக்க வேண்டும்.

எச்.ஐ.வி கிருமி பாதுகாப்பற்ற உடலுறவாலும், கிருமியுள்ள இரத்தத்தாலும் ஊசியாலும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுகிறது. கைகுலுக்குவதால், ஒரே கோப்பையிற் தேநீர் குடிப்பதால், ஒரே வாங்கில் இருப்பதால், நுளம்பு கடிப்பதால் பரவாது.

தாயிடமிருந்து பிள்ளைக்கு மூன்று காலங்களில் பரவலாம்: கருவில் இருக்கும்போது, பிறக்கும்போது, தாய்ப்பால் குடிக்கும்போது. எதுவும் செய்யாமல் விட்டால், கிருமியுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 பேர் வரை தொற்றுக்கு உள்ளாவார்கள். 1994 இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஓர் ஆய்வில், சிடோவுடின் என்ற ஒரேயொரு மருந்தைத் தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுத்தபோது, நூற்றுக்கு 25 ஆக இருந்த தொற்று 8 ஆகக் குறைந்தது. இன்றைய கூட்டு மருந்துகளை நேரத்தோடு தொடங்கி ஒழுங்காக எடுத்தால் அது நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே போகும்.

இதற்கு முதற்படி தாய்க்குத் தன் நிலை தெரிவதுதான். இலங்கையில் கர்ப்பிணி ஒருவர் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்ததும், கிளினிக்கில் சிபிலிசுக்கும் எச்.ஐ.விக்கும் இரத்தம் எடுக்கிறார்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. கிருமி இருப்பது உறுதியானால் அன்றிலிருந்தே மருந்து. தினமும், வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும். செலவு அரசாங்கத்துடையது. தாயின் இரத்தத்தில் கிருமியின் அளவைப் பார்த்து, எப்படிப் பிரசவம் என்று மருத்துவர்கள் தீர்மானிப்பார்கள். பிள்ளைக்குப் பிறந்தவுடன் சில வாரங்களுக்கு மருந்துப் பாணி கொடுப்பார்கள். தாய்ப்பாலா, பால்மாவா என்பதை அயலவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது. சிகிச்சை தரும் மருத்துவரோடு பேசியே முடிவெடுக்க வேண்டும்.

பிள்ளையின் பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. தாயின் நோயெதிர்ப்புப் பொருட்கள் பிள்ளையின் இரத்தத்தில் பதினெட்டு மாதம் வரை இருக்கக்கூடும். ஆகவே சாதாரண பரிசோதனை தொற்றில்லாத பிள்ளைக்கும் 'உண்டு' என்று காட்டலாம். கிருமியையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர் பரிசோதனைதான் குழந்தைக்குச் சரியான பதிலைத் தரும். இது தெரியாமல் எத்தனை தாய்மார் வீணாக அழுதிருப்பார்கள்!

2015 இல் தாய் - சேய் தொற்றை ஒழித்த முதல் நாடாகக் கியூபாவை உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. 2019 இல் அந்த அங்கீகாரம், எச்.ஐ.விக்கும் சிபிலிசுக்கும் சேர்த்து, எங்கள் நாட்டுக்கும் கிடைத்தது. இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926 இல் களுத்துறையில் தொடங்கியது. ஏறத்தாழ எங்கள் சங்கத்தின் வயது. அன்று தொடங்கி வெயிலிலும் மழையிலும், போர்க்காலத்திலும், படலை படலையாகத் தட்டிய மருத்துவிச்சிமாரின் உழைப்பு அந்தச் சான்றிதழில் இருக்கிறது. அவர்களிற் பலர் எங்கள் பாடசாலைகளிற் படித்த பெண்கள்.

இனி, எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டிய ஒன்று. நாங்கள் வேலைக்குப் போன புதிதில், எங்களில் ஒருவர் பணியாற்றிய விடுதிக்கு எச்.ஐ.வி உள்ள ஓர் இளம் கர்ப்பிணி வந்தார். அவரை மூலைக் கட்டிலில் விட்டார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கட்டிலுக்கு அருகே நிலத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். வயிற்றுப் பிள்ளையோடு குனிந்து அதை எடுத்தார் அவர். நாங்கள் பார்த்தோம். பயிற்சியில் எல்லாம் படித்திருந்தோம். ஆனாலும் ஒரு சொல் பேசவில்லை. மறுநாள் அவர் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தத் தாயும் பிள்ளையும் என்னவானார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. மருந்து இருந்தும் ஒரு தாய் திரும்பி வராமற் போவதற்கு நிலத்தில் வைத்த ஒரு தட்டுப் போதும் என்பதை அன்று கற்றோம்.

பாடசாலைகளுக்கும் இதிற் பங்குண்டு. 2016 இல் குருநாகல் மாவட்டத்தில் ஒரு சிறுவனின் தகப்பன் எயிட்ஸால் இறந்தார் என்று ஒரு வதந்தி. சிறுவனுக்குத் தொற்று இருக்கவில்லை. இருந்தும் மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். நாடே அந்தச் செய்தியை வாசித்தது. தொற்று இருந்திருந்தாலும் அவனுக்குப் பள்ளிக்கூடம் போக உரிமை உண்டு என்பதை எத்தனை பேர் சொன்னோம்?

தொற்றோடு பிறந்த பிள்ளைகளும் மருந்தோடு வளர்ந்து, படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்தலாம். பதின்ம வயதுதான் கடினம். "சத்துக் குளிசை" என்று சொல்லி மருந்து கொடுத்து வளர்த்த பிள்ளை, பதினான்கு வயதில் தானாக உண்மையை அறிந்தால், கோபத்தில் மருந்தை நிறுத்திவிடும். ஆகவே பள்ளி வயதிலேயே, விளங்கும் அளவுக்குப் படிப்படியாக உண்மையைச் சொல்ல வேண்டும். மருந்தை ஒழுங்காக எடுத்து, பரிசோதனையிற் கிருமி தென்படாத நிலைக்கு வந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது என்பதையும் அந்தப் பிள்ளை வளர்ந்து வரும்போது அறிந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் டொக்டர் கமாலிகா அபேரத்னவை நினைவுகூருகிறோம். அவரும் குழந்தை மருத்துவர். விபத்தொன்றின் பின் ஏற்றப்பட்ட இரத்தத்தால் அவருக்குத் தொற்று வந்தது. ஒளித்து வைக்காமல் வெளியே சொன்னார். தன்னைப் போன்றவர்களுக்காக 2004 இல் இறக்கும் வரை குரல் கொடுத்தார். நாங்கள் வாய் திறக்கத் துணிந்ததில் அவருக்கும் பங்குண்டு.

தோழியரே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். உங்கள் மகளோ மருமகளோ கர்ப்பமானால், பதிவையும் இரத்தப் பரிசோதனையையும் பிந்தவிடாதீர்கள், கணவரும் பரிசோதிக்கட்டும். உங்களில் அதிபர்களாகவும் ஆசிரியைகளாகவும் இருப்பவர்கள், எந்தப் பிள்ளையையும் வதந்திக்காக வாசலில் நிறுத்தாதீர்கள். அந்த அத்தியாயத்தை வகுப்பிலேயே படிப்பியுங்கள். தங்கைமாரே, சந்தேகம் இருந்தால் அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போகலாம். பரிசோதனை இலவசம், உங்கள் விபரம் இரகசியமாக வைக்கப்படும்.

இந்தக் கல்லூரியில் மதிய இடைவேளையில் ஒரே சாப்பாட்டுப் பெட்டியைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு கவளம் எடுத்துச் சாப்பிட்டவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தை விடுதிக்கும் கொண்டு போயிருந்தால், அந்தத் தட்டு நிலத்தில் இருந்திருக்காது. அடுத்த நூறு ஆண்டுகளில் இங்கே படிக்கப் போகும் பிள்ளைகளாவது கொண்டு போகட்டும்.