மையும் கிழிந்த தாளும்



கையால் செய்யும் வாழ்த்தட்டையில் முதலில் பிறப்பது வாழ்த்தன்று, தாள். தாளில் மை ஏற்றியும், தாளைக் கிழித்து ஒட்டியும் பின்புலம் ஒன்றை ஆக்கிய பின்னரே எழுத்து வந்து அமர்கிறது. பின்புலம் என்னும் சொல்லே தாளை இரண்டாம் இடத்தில் வைத்துவிடுகிறது. அவ்விடம் முறைதானா என்னும் வினாவை எழுப்பும் பழந்தொகுப்பு ஒன்று சப்பானில் உண்டு.

முப்பத்தாறு புலவர்களின் பாடல்களைக் கொண்ட அத்தொகுப்பு, துறவு பூண்ட பேரரசர் ஷிரகாவாவின் அறுபதாம் ஆண்டு நிறைவையொட்டி, 1112 அளவில் ஆக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. மணிவிழா மலர் என்றே நாம் அதனைக் கூறலாம். நம் மலர்களில் விளம்பரம் நிறைந்திருக்கும் இடத்தில், அம்மலரில் தாளே நிறைந்திருந்தது என்பதுதான் வேறுபாடு.

அத்தாள்களுள் சில 'சுமினகாஷி' என்னும் முறையில் ஆனவை. மையை ஓடவிடல் என்பது இதன் பொருள். புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்ந்த மையில் தூரிகையின் நுனியைத் தோய்த்து, அசைவற்ற நீரின் மேற்பரப்பை மெல்லத் தொட்டால், மை வட்டமாக விரியும். அதன் நடுவில் பிசின் கலந்த மற்றொரு தூரிகையை வைத்தால், மை விலகி வளையமாகும். மீண்டும் மை, மீண்டும் பிசின். இவ்வாறு வளையத்துக்குள் வளையம் அமைந்தபின், வாயால் மெல்ல ஊதுவர். வளையங்கள் நெளிந்து மலைத்தொடர் போலவும் புகை போலவும் உருமாறும். உறிஞ்சும் தன்மையுள்ள தாளை அதன்மீது பரப்பி எடுத்தவுடன் அக்கோலம் தாளில் ஏறிவிடும். அதே கோலம் மறுமுறை வாராது. இன்று உலகின் பல நாடுகளில் வாழ்த்தட்டை செய்வோர் சிறு தட்டில் நீர் ஊற்றிச் செய்வதும் இதுவே. மை மிகுந்தால் மூழ்கிவிடும். ஊதும் மூச்சு வலுத்தால் கோலம் கலைந்துவிடும். பொறுமையற்றவருக்கு உரிய கலை அன்று இது.

இதனினும் வியப்புக்குரியது கிழித்து ஒட்டும் முறை. வெவ்வேறு நிறத் தாள்களைக் கையால் கிழித்து, விளிம்பின் நார் தெரிய ஒன்றோடொன்று இணைப்பர். வெட்டிய விளிம்பு இரு நிறங்களையும் பிரித்துக் காட்டும். கிழிந்த விளிம்போ ஆற்றங்கரை போல் ஒன்றை மற்றொன்றில் கரைத்துவிடும். அதன்மேல் பொன், வெள்ளித் துகள்கள் தூவப்படும். எழுதுவோரின் தூரிகை அவ்விணைப்புகளில் தயங்காமல், ஒரு நிறத்திலிருந்து மற்றொன்றுக்கு இறங்கிச் செல்கிறது. தாள் வகுத்த வழியை எழுத்து ஏற்றுக்கொண்டு நடப்பதை இங்குக் காண்கிறோம். ஆகவே, தாளைப் பாட்டின் இணையாசிரியர் என்பதே பொருந்தும்.

அப்பெருமையே அந்நூலுக்குத் தீங்காகவும் முடிந்தது. 1549இல் பேரரசர் கோநாராவால் ஹொங்கான்ஜி மடத்துக்கு வழங்கப்பட்ட தொகுப்பு, பல நூற்றாண்டுகள் அங்கே காக்கப்பட்டது. 1929இல் அதன் இரு பகுதிகள் ஏடு ஏடாகப் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டன. மகளிர் கல்வி நிறுவனம் ஒன்றுக்கு நிதி திரட்டுவதே நோக்கம். பிரிந்த பகுதிகளுள் ஒன்று த்ஸுராயுகியின் பாடல்கள். மற்றொன்று இசே என்னும் பெண்பாற் புலவரின் பாடல்கள்.

ஒரு பெண்ணின் நூலைச் சிதைத்துப் பெண்களுக்குக் கல்வி! இதனைக் குற்றம் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட இயலவில்லை. அப்பணத்தால் எழுத்தறிவும் பட்டமும் பெற்றவர்களை மறப்பதற்கில்லை. எனினும், தாள் வெறும் பின்புலமாக இருந்திருந்தால் எவரும் அதனை ஏடு ஏடாக விலைக்குக் கேட்டிரார். பாடல்களை அச்சில் படித்து மனநிறைவு கொண்டிருப்பர். வேறு வழியில் நிதி திரட்டியிருக்கலாம் என்று இன்று கூறுவது எளிது. ஆயினும் கூறத்தான் வேண்டியிருக்கிறது.

அம்மடம் முன்னர் இருந்த ஊரின் பெயரால் அத்தனி ஏடுகள் 'இஷியாமா ஏடுகள்' எனப்படுகின்றன. அமெரிக்க அருங்காட்சியகங்கள் வரை அவை சென்று சேர்ந்துள்ளன. இசேயின் பாடல்களைத் தாங்கிய ஏடுகள், ஒன்றுக்கொன்று கடல் கடந்த தொலைவில், தனித்தனியே இருக்கின்றன.