வேலைக்குப் பின் கல்வி: சிங்கை காட்டும் வழி



நம்முள் பலர் குடும்பச் சுமையின் காரணமாக இளமையிலேயே பள்ளியை விட்டுப் பால்மரக் காட்டிற்கு வந்தவர்கள். ‘இந்த வயதில் இனிப் படிப்பா?’ என்று கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால், மேற்பார்வையாளர் பதவிக்கோ தொழிற்பயிற்சிக்கோ மனுச் செய்யும்போது, முதற்கண் கேட்கப்படுவது பள்ளிச் சான்றிதழேயன்றோ?

இவ்வகையில் அண்டை நாடாகிய சிங்கப்பூரின் அனுபவம் நமக்குப் பயன்தரும். அங்கே 1960ஆம் ஆண்டில் வயதுவந்தோர் கல்வி வாரியம் அமைக்கப்பெற்றது. 1983இல், தொடக்கக் கல்வியை முடிக்காத தொழிலாளர்க்கு ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்க ‘பெஸ்ட்’ திட்டம் தோன்றியது. 1987இல் ‘வைஸ்’ திட்டம் இடைநிலைக் கல்விக்கு வழி திறந்தது. பள்ளியை விட்டு நீங்கியவர்கள் தனித்தேர்வராகப் பதிந்துகொண்டு ஜிசிஇ சாதாரண நிலைத் தேர்வை எழுதவும் இடம் அளிக்கப்பட்டது.

இணையமோ வகுப்பிற்குச் செல்லும் தொலைவையே குறைத்துவிட்டது. சிராங்கூன் சாலைக் கடையொன்றில் பகலெல்லாம் நின்று உழைப்பவர், இரவில் கைப்பேசியிலேயே கணிதப் பாடம் கேட்கலாம். விளங்காத பகுதியைக் கூச்சமின்றி மீண்டும் மீண்டும் கேட்கலாம். வீட்டில் அமைதி இல்லையெனில், விக்டோரியா வீதியிலுள்ள தேசிய நூலகத்தில் அமர்ந்து படிக்கலாம்.

எனினும், ஒன்றை மறத்தலாகாது. பாடம் கைப்பேசியில் வரும். தேர்வோ மண்டபத்தில் நடைபெறும். கேட்டதைத் தாளில் எழுதிப் பழகாதவர் அங்கே திணறுவர். தனித்தேர்வர்க்கு நினைவூட்ட ஆசிரியர் இல்லை. பதிவு நாளையும் பாடத்திட்டத்தையும் தாமே கவனித்தறிதல் வேண்டும். சிங்கப்பூரில் 2027 முதல் புதிய இடைநிலைக் கல்விச் சான்றிதழ் நடைமுறைக்கு வருமென அறிவிக்கப்பட்டுள்ளது. இத்தகைய மாற்றங்களை அறியாது பழைய நூலையே நம்பியிருப்பவரின் உழைப்பு வீணாகக்கூடும்.

நம் நாட்டிலும் எஸ்.பி.எம். தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அச்சான்றிதழ் பெற மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இன்றியமையாதது. ஆகவே, அவ்விரண்டையும் முதலில் கைக்கொள்வது அறிவுடைமை.

பால்மரத்தை அறிந்த நமக்குக் கற்கும் முறை புதிதன்று. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் கெடாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். ஒரே நாளில் ஆழ வெட்டினால் மரம் புண்படும். அளவோடு சீவினால் ஆண்டுக்கணக்கில் பால் தரும். கல்வியும் அத்தகையதே. தேர்வு நெருங்கியபின் இரவெல்லாம் விழிப்பதினும், நாள்தோறும் அரை மணி நேரம் படிப்பதே நிலைக்கும்.

படிக்க விரும்பும் கணவருக்கோ மனைவிக்கோ அந்த அரை மணி நேரத்தைக் குடும்பத்தார் விட்டுக்கொடுத்தல் வேண்டும். பிள்ளைகளோடு பெற்றோரும் ஏடெடுத்து அமரும் இல்லங்கள் நம் தோட்டங்களில் பெருகுக!