கையில் இருக்கும் அமானிதம்



கல்விக்காகவும் தொழிலுக்காகவும் உம்ராவுக்காகவும் கடல் கடந்து செல்லும் வாலிபர்களும், அவர்களை வழியனுப்பும் பெற்றோரும் கவனிக்க வேண்டிய ஒரு விடயத்தை இன்று பேச விரும்புகின்றேன்.

விசா கிடைத்துவிட்டது. விமானச்சீட்டு வாங்கியாகிவிட்டது. தாயின் நகை அடகில் இருக்கின்றது. ஆனால் கடவுச்சீட்டின் ஒரு பக்கம் கிழிந்திருக்கின்றது. அந்தக் கிழிசலுக்காக ஒருவர் அந்நிய நாட்டின் வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்படலாம் என்று சொன்னால் நம்மில் பலர் நம்புவதில்லை.

ஆயினும் அதுவே நடைமுறை. இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குச் செல்லப் புறப்பட்ட ஆஸ்திரேலியப் பிரஜைகள் சிலர், சிறு கிழிசலுக்காகவும் நீர்க்கறைக்காகவும் தடுக்கப்பட்டிருக்கின்றனர். ஆஸ்திரேலிய அரசே இதுபற்றித் தன் மக்களை எச்சரித்துள்ளது. செல்வந்த நாடொன்றின் கடவுச்சீட்டுக்கே இந்நிலை என்றால், நமது நிலையைச் சொல்ல வேண்டுமா?

இதற்குக் காரணம் உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த நியமத்தின்படி, கடவுச்சீட்டில் புகைப்படமுள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் 44 குறியீடுகள். பெயரும், இலக்கமும், பிறந்த திகதியும், காலாவதியாகும் திகதியும் அவற்றில் அடங்கியுள்ளன. அவை சரிதானா என்று இயந்திரம் கணித்துப் பார்ப்பதற்கான இலக்கங்களும் அங்கேயே உள்ளன. ஒரு துளித் தேநீர் அந்த இடத்தில் பட்டு எழுத்து அழிந்தால், இயந்திரம் வாசிக்க மறுத்துவிடும். படத்தின் மேலுள்ள உறை பெயர்ந்திருந்தால், படம் மாற்றப்பட்டதோ என்ற ஐயம் எழும். ஒரு தாள் குறைந்தால், எதையோ மறைக்கத்தான் கிழித்தார்கள் என்று எண்ண இடமுண்டு.

"குழந்தை அறியாமல் கிழித்துவிட்டது, என் எண்ணத்தில் களங்கமில்லை" என்று நீங்கள் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். உள்ளத்தின் நிய்யத்தை அல்லாஹ் அறிவான். மனிதர்களோ வெளிப்படையானதைக் கொண்டே தீர்ப்பளிக்க வேண்டும் என்பது நமது மார்க்க அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட விதியாகும். அந்த அதிகாரியின் முன் இருப்பது உங்கள் உள்ளமன்று, ஒரு கிழிந்த தாள் மாத்திரமே. ஆகவே, "என் பெயரைப் பார்த்துத்தான் திருப்பிவிட்டார்கள்" என்று பழி கூறுவதற்கு முன்னர் நமது கடவுச்சீட்டை ஒருமுறை விரித்துப் பார்ப்பது நீதியாகும்.

விமான நிறுவனங்களும் இதில் கடுமை காட்டுவதில் வியப்பில்லை. உரிய ஆவணமின்றி வரும் ஒவ்வொரு பயணிக்கும் 2000 பவுண் வீதம் அவரை ஏற்றிவந்த நிறுவனத்திடம் அறவிட, பிரித்தானியாவின் 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கின்றது. அனுமதி மறுக்கப்பட்டவரைத் திரும்பக் கொண்டுசெல்லும் பொறுப்பும் பொதுவாக அந்நிறுவனத்தையே சாரும். எனவேதான் பலர் புறப்படும் விமான நிலையத்திலேயே நிறுத்தப்படுகின்றனர்.

அன்புக்குரிய வாலிபர்களே! கடவுச்சீட்டு உங்கள் பெயரில் இருப்பினும், அது உங்கள் உடைமையன்று. அரசுக்குச் சொந்தமான அது உங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அதாவது, அது ஓர் அமானிதம். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு சூரா அந்நிஸாவின் 58ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகின்றது. பெறுமதி மிக்க நகையை மாத்திரம் அமானிதம் எனக் கருதி, அரசாங்கத்தின் ஆவணத்தைக் காற்சட்டைப் பையில் மடித்து வைப்பது முறையாகுமா?

பழுதடைந்த கடவுச்சீட்டைப் பசைநாடாவால் ஒட்டி, "பார்க்கமாட்டார்கள்" என்று புறப்படுவது தவக்குலும் அன்று. ஒட்டிய நாடா ஐயத்தை மேலும் வளர்க்கும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டுமாறு போதித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தை நாடி, நடந்ததை மறைக்காது கூறிப் புதிய கடவுச்சீட்டைப் பெறுவதே நேரிய வழி. அதற்குச் செலவும் காலமும் பிடிக்கும். ஆனால் திரும்பி வரும் விமானத்தில் கழியும் அந்த இரவின் விலையோடு ஒப்பிட்டால் அது சொற்பமே.

பெற்றோர்களே! 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது, கிழக்குக் கரையின் எத்தனை வீடுகளில் ஆவணங்கள் நீரோடு போயின! நீர் புகாத உறையில், சிறுவர்களின் கைக்கு எட்டாத உயரத்தில் அவற்றை வையுங்கள். பிரதி ஒன்றை வேறிடத்தில் பேணுங்கள். பிரயாணத்திற்குச் சில மாதங்கள் முன்பாகவே ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். பல நாடுகள் ஆறு மாதச் செல்லுபடிக் காலத்தை எதிர்பார்க்கின்றன என்பதையும் மறவாதீர்கள்.

சிறியதைப் பேணாதவனிடம் பெரியதை ஒப்படைக்க எவரும் விரும்பமாட்டார். ஒரு சிறு புத்தகத்தைப் பழுதின்றிக் காக்கும் பழக்கம், நாளை ஒரு தொழிலையும் ஒரு குடும்பத்தையும் காக்கும் பழக்கமாக வளரும். நமது பிள்ளைகளின் பிரயாணங்களை வல்ல அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.