“அவருக்கு என்ன குறை?”
(அரசியல் வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2009 சனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு தம் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம் வெளியாயிற்று. ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் கணக்கில் காட்டப்பட்ட தொகையில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அன்று பலரும் கேட்டது, “இவ்வளவு படித்தவர், அவருக்கு என்ன குறை?” என்பதே.

குறையுள்ளவன்தான் திருடுவான் என்னும் முன்முடிவு இக்கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. ஏழை திருடினால் காரணம் கேட்பாரில்லை. செல்வர் திருடினால் மட்டும் அவருடைய மனத்தை ஆராய்கிறோம். எட்வின் சதர்லாண்ட் 1939இல் ‘வெள்ளைக் காலர் குற்றம்’ என்னும் தொடரை முன்வைத்தது, வறுமையே குற்றத்தின் ஊற்று என்ற கோட்பாட்டை மறுப்பதற்காகத்தான். 1949இல் வெளிவந்த அவரது நூலில், வழக்குக்கு அஞ்சிய பதிப்பகம் நிறுவனங்களின் பெயர்களை நீக்கச் செய்தது. பெயர்களுடன் முழு நூல் வர 1983 ஆயிற்று!

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பேருந்தில் பணப்பையை எடுத்தவன் நம் செய்தித்தாள்களில் ‘திருடன்’. ஆயிரம் கோடியை எடுத்தவர் செய்தது ‘முறைகேடு’. முன்னது ஆளைச் சுட்டுகிறது. பின்னது ஆளையே மறைத்துவிடுகிறது.

பேராசை என்பது பொதுமக்கள் தரும் விடை. “முதலாளி என்றால் அப்படித்தான்” என்பது நம் தோழர்கள் பலர் தரும் விடை. இரண்டும் விளக்கங்கள் அல்ல. கடிதத்தின்படி, தொடக்கத்தில் உண்மை இலாபத்துக்கும் காட்டிய இலாபத்துக்கும் இடையே இருந்தது சிறு இடைவெளியே. இலாபம் குறைந்தால் பங்கு விலை சரியும். நிறுவனர் குடும்பத்தின் பங்கோ சிறிது, அதுவும் கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டது. வேறொருவர் நிறுவனத்தைக் கைப்பற்றினால் பொய் வெளிப்படும். எனவே காலாண்டுதோறும் பழைய பொய்யைக் காக்கப் புதிய பொய் வேண்டியிருந்தது. புலிமேல் ஏறியவன் இறங்க வழியறியாத நிலை என்று அவர் எழுதினார். புலிவாலைப் பிடித்தவன் என்று நாம் சொல்வதுதான். ஆனால் அந்தப் புலி காட்டிலிருந்து வந்ததன்று. பங்குச் சந்தை வளர்த்த புலி அது.

கண்காணிக்க வேண்டியவர்கள் எங்கே போயினர்? இயக்குநர் குழுவில் ஹார்வர்ட் பேராசிரியரும் இருந்தார். நல்ல நிருவாகத்துக்கென 2008இல் விருதும் வழங்கப்பட்டது. 2015 ஏப்ரலில் ஐதராபாத் தனி நீதிமன்றம் குற்றவாளிகளெனத் தீர்ப்பளித்த பத்துப் பேருள் தணிக்கையாளர் இருவரும் அடங்குவர். ஏழாண்டுச் சிறைத் தண்டனை அடுத்த மாதமே மேல்முறையீட்டில் நிறுத்திவைக்கப்பட்டது. நம் சிறைகளில் உள்ளோருள் ஏறக்குறைய நான்கில் மூவர் தண்டனையே பெறாத விசாரணைக் கைதிகள் என்பதை இதனருகே வைத்துப் பாருங்கள்.

தணிக்கையாளரை அமர்த்துவதும் ஊதியம் தருவதும் தணிக்கைக்கு உள்ளாகும் நிறுவனமே. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் காலமுறையில் மாற்றச் சொல்கிறது; பணம் தரும் கை மாறவில்லை. 2018இல் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். வீழ்ந்தபோது தணிக்கையாளர்களை நோக்கி மீண்டும் அதே கேள்வி எழுந்தது.